பள்ளியில் சேர்த்ததோடு கடமை முடிந்ததா? - பிள்ளைகளின் கல்வியில் கிறிஸ்தவப் பெற்றோர்

தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் என்றதும் மற்றவர்களுக்கு ஆலயத்துக்கு முன்பே நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம்தான். ஆனால் எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் ஒரு பழைய மிஷன் பள்ளியோ, கன்னியாஸ்திரிகள் நடத்தும் கான்வென்ட்டோ கண்ணில் படும். சபை ஆண்டு விழாவோ ஆயர் வரவேற்போ, எந்த மேடை கிடைத்தாலும் இந்த நாட்டுக்குக் கல்வி கொடுத்தவர்கள் நாங்கள் என்ற பெருமை ஒரு முறையாவது ஒலித்துவிடும். அரசியல் சட்டத்தின் 30வது பிரிவு, சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களின் உரிமை என்று காரசாரமான பேச்சும் வரும். பேசட்டும், தவறில்லை. ஆனால் பள்ளியைப் பற்றி இவ்வளவு பேசும் ஒரு சமுதாயம், காலையில் அந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பி வைக்கும் வீட்டைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்பதுதான் புரியாத புதிர்!

கடம்பத்தூரை எடுத்துக் கொள்ளலாம். சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் திருவள்ளூரைத் தாண்டினால் ஏகாட்டூர், அடுத்தது கடம்பத்தூர். ஏரியும் நெல்வயலுமாக இருந்த பூமி. இன்று ஒரு பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் மப்பேடு வழியாகப் போனால் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், கொஞ்சம் தள்ளிப் போனால் கும்மிடிப்பூண்டி என்று எங்கே திரும்பினாலும் கம்பெனிகள். விடியற்காலையில் ரோட்டு முனையில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சீருடையோடு நிற்பவர்களில் பாதிப் பேர் பள்ளி செல்லும் வயதில் பிள்ளை வைத்திருப்பவர்கள். ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போகும் அப்பா கிளம்பும்போது பிள்ளை எழுந்திருக்கவில்லை. செகண்ட் ஷிப்ட் முடித்து அவர் திரும்பும்போது பிள்ளை தூங்கிவிட்டது. ஓவர்டைம் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். வாரம் முழுவதும் ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் முகம் பார்த்துப் பேசுவது அரை மணி நேரம்கூட இருக்காது.

இப்படிப்பட்ட வீடுகளில் கல்வி என்றால் என்ன? பீஸ் கட்டுவது, வேனுக்குப் பணம் கொடுப்பது, மாலையில் டியூஷனுக்கு அனுப்புவது, ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்புவது. கத்தோலிக்கர் வீடு என்றால் மறைக்கல்வி வகுப்பு. ஆக, அறிவை வளர்ப்பது டீச்சர் வேலை, ஆண்டவரைப் பற்றிச் சொல்வது சண்டே கிளாஸ் அக்கா வேலை. பெற்றோர் வேலை பணம் கட்டுவதும் அனுப்பி வைப்பதும்! கேட்டால், "நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்ன தெரியும், டீச்சர் பாத்துக்குவாங்க" என்ற பதில் தயாராக இருக்கும்.

ஒரு சிறிய கணக்கு. ஒரு வருடத்துக்கு 8760 மணி நேரம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரு கல்வியாண்டில் பாடம் நடத்த வேண்டிய குறைந்தபட்ச நேரம் 1000 மணி. ஒன்று முதல் ஐந்து வரை 800 மணிதான். ஓய்வுநாள் பள்ளி வாரம் ஒரு மணி என்றால் வருடத்துக்கு 52. தூக்கத்துக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி வீதம் 2920. இவை அத்தனையும் கழித்தால் மீதி 4788 மணி நேரம். சாப்பாடு, விளையாட்டு, பயணம், டியூஷன் என்று அதில் பாதியைத் தள்ளிவிட்டாலும், பள்ளியைவிட இரண்டு மடங்குக்கு மேல் நேரம் பிள்ளை இருப்பது வீட்டில்தான். அந்த நேரத்தில் பிள்ளை எதையும் கற்றுக் கொள்ளாமலா இருக்கும்? யாரும் கற்றுக் கொடுக்காவிட்டாலும் அது கற்றுக் கொண்டுதான் இருக்கிறது. கடன்காரர் வந்தால் அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்வதிலிருந்து கற்கிறது. சபையில் சாட்சி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் திட்டும் அப்பாவிடமிருந்து கற்கிறது. செல்போனிலிருந்தும் கற்கிறது. அதற்குப் பாடத்திட்டமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது.

இந்தப் பொறுப்பு யாருடையது என்பதில் எந்தச் சபைக்கும் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சி.எஸ்.ஐ. சபையிலும் சரி, கத்தோலிக்கத் திருமுழுக்கிலும் சரி, பிள்ளையைக் கிறிஸ்தவ நெறியில் வளர்ப்போம் என்று வாக்குக் கொடுப்பவர்கள் பெற்றோரும் ஞானப் பெற்றோரும்தான். பள்ளித் தலைமை ஆசிரியரை யாரும் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி வாக்குக் கேட்பதில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, பிரதிஷ்டை ஜெபம்தான். அங்கேயும் பிள்ளையைக் கையில் ஏந்திக் கொண்டு நிற்பவர்கள் அப்பாவும் அம்மாவும்தான். உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் கட்டளைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் கடமை வீட்டிலும் வழியிலும் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்குத்தான் தரப்படுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட ஏடும் பெற்றோரையே முதன்மையான ஆசிரியர்கள் என்று ஏற்கிறது. ஆகக் கொள்கையில் எல்லோருக்கும் ஒரே குரல். நடைமுறையில்தான் சிக்கல்.

ஓய்வுநாள் பள்ளி எப்படிப் பிறந்தது என்பதே பலருக்குத் தெரியாது. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் அதை ஆரம்பித்தபோது, அது வசனம் மனப்பாடம் செய்யும் வகுப்பாக மட்டும் இருக்கவில்லை. வாரத்தில் ஆறு நாளும் ஊசி, குண்டூசி செய்யும் பட்டறைகளில் வேலை பார்த்த சிறு பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாள் ஞாயிறு. அந்த நாளில் அவர்களை உட்கார வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்த இடம்தான் ஓய்வுநாள் பள்ளி. வேதாகமம் அங்கே பாடப் புத்தகமாக இருந்தது. பிற்பாடு அரசாங்கப் பள்ளிகள் வந்து படிப்புச் சொல்லிக் கொடுக்கும் வேலையை எடுத்துக் கொண்டதும், ஞாயிறு வகுப்பு கதையும் பாட்டுமாகச் சுருங்கிவிட்டது. கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். அன்று பிள்ளைகள் தொழிற்சாலையில் இருந்தார்கள், அதனால் ஞாயிறு பள்ளி வந்தது. இன்று கடம்பத்தூரில் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள், பெற்றோர் தொழிற்சாலையில் இருக்கிறார்கள். இப்போது ஞாயிறு பள்ளி தேவைப்படுவது ஒருவேளை பெற்றோருக்குத்தானோ என்னவோ!

இந்த மண்ணின் கதைக்கு வருவோம். இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி. 1891இல் அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு விரிவான அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாமல், தலைமுறை தலைமுறையாகக் கடனுக்குப் பண்ணையாட்களாக இருந்த நிலையை அது பதிவு செய்தது. அந்தக் காலத்தில்தான் வெஸ்லியன் மெத்தடிஸ்ட் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி திருவள்ளூர், ஈக்காடு பகுதிகளில் அந்த மக்களிடையே வேலை செய்தார். திருவள்ளூரில் அவர் பெயரில் சி.எஸ்.ஐ. மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. ஈக்காடும் மிஷன் பள்ளி, மிஷன் ஆஸ்பத்திரி என்று அறியப்பட்ட ஊர்தான்.

வரலாற்றைச் சொல்கிறவர்கள் கௌடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் பள்ளி திறந்தார், உண்மை. ஆனால் அந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியவர் யார்? ஆறேழு வயதானதும் மாடு மேய்க்கவும் களை எடுக்கவும் போய்ப் பாதி வயிற்றுக்காவது சம்பாதிக்கும் பிள்ளையை, பண்ணையாரின் கோபத்தையும் பொருட்படுத்தாமல் பள்ளியில் உட்கார வைக்க ஒரு தகப்பனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தப் பிள்ளை கொண்டு வரும் கூலியோ கஞ்சியோ நின்றுவிடும். குடிசை இருக்கும் இடத்தைக் காலி செய்யச் சொன்னாலும் கேட்க நாதியில்லை. அப்படியும் அனுப்பினார்கள். அவர்களுக்கு ஒரு எழுத்து தெரியாது. 'நாங்க படிக்காதவங்க' என்று சொல்லி ஒதுங்கிக் கொள்ள உலகத்திலேயே அதிக உரிமை இருந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் ஒதுங்கவில்லை. இந்தப் பகுதியில் கிறிஸ்தவக் கல்வியின் வரலாறு என்பது மிஷனரியின் வரலாறு எந்த அளவுக்கோ அந்த அளவுக்குப் பெயர் தெரியாத அந்தப் பெற்றோரின் வரலாறும்கூட.

இன்றைக்கும் தியாகம் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துப் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கும் தகப்பனைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி கிடையாது. ஆனால் தியாகம் எந்தக் கணக்கில் போகிறது என்று பார்க்க வேண்டும். பெயருக்கு முன்னால் 'செயின்ட்' என்று இருந்தால் அது நல்ல பள்ளி, அங்கே சேர்த்தால் ஒழுக்கமும் இங்கிலீஷும் சேர்ந்து வரும் என்ற நம்பிக்கை கிறிஸ்தவர்களிடம் மட்டுமல்ல, எல்லோரிடமும் இருக்கிறது. அதற்காக வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள். பக்கத்து ஊரான கீழச்சேரியில் புனித அன்னாள் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தியபோது, 2024 ஜூலை 15 அன்று அதைத் தொடங்கி வைத்தது அந்தப் பள்ளியில்தான். அங்கே பிள்ளைகளோடு முதலமைச்சர் உட்கார்ந்து சாப்பிட்ட படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கடம்பத்தூர் ஒன்றியத்துக்கே அது பெருமைதான். ஆனாலும் இப்படிப்பட்ட உதவி பெறும் பள்ளியைக் கடந்து, வேனில் தூரத்து மெட்ரிக் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவதுதான் கௌரவம் என்று நினைக்கும் பெற்றோர் அதே சபைகளில் இருக்கிறார்கள். பீஸ் அதிகம் என்பதாலேயே கல்வி அதிகம் என்று ஆகிவிடாது. வணிகவியலில் விலையும் மதிப்பும் வேறு வேறு என்று முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்!

வீடு ஒரு பிள்ளைக்கு என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றிலேயே ஒரு நல்ல உதாரணம் சத்தியநாதன் குடும்பம். திருநெல்வேலியில் ஊழியம் செய்த ஜான் தேவசகாயம் 1836இல் சி.எம்.எஸ். மிஷனின் முதல் தமிழ்க் குருவானவர்களில் ஒருவராக அபிஷேகம் பெற்றவர். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில் அவர் தன் மகள் அன்னாவைப் படிக்க வைத்தார். அன்னாவை மணந்தவர் டபிள்யூ.டி. சத்தியநாதன். இவர் திருவேங்கடம் என்ற பெயரோடு பிறந்து, மிஷன் பள்ளியில் படிக்கும்போது கிறிஸ்தவரானவர். (மதம் மாறியதால் தன் சொந்தப் பெற்றோரின் மனத்தாங்கலுக்கு ஆளான ஒருவர் பின்னாளில் பெற்றோரின் கடமை பற்றிப் பேசும் குடும்பத்துக்குத் தலைவரானது வரலாற்றின் விசித்திரம்தான்.) சென்னைக்கு வந்து சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகராக இருந்தார். அன்னா சும்மா இருக்கவில்லை. பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தினார், வெளியே வராத பெண்களின் வீடுகளுக்கே போய்க் கற்பித்தார். 'நல்ல தாய்' என்ற பெயரில் தமிழில் ஒரு சிறு நூலும் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழ்ப் பெண் தாய்மார்களுக்காகத் தமிழில் எழுதிய நூல்! இன்று எத்தனை கிறிஸ்தவர்களுக்கு இது தெரியும்?

அந்த வீட்டின் மகன் சாமுவேல் கேம்பிரிட்ஜ் வரை போய்ப் படித்து சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். அவர் மணந்தது கிருபாபாயை. கிருபாபாய் 1862இல் அகமதுநகரில் மராத்தியக் கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்தவர். அப்பா சிறு வயதிலேயே இறந்துவிட்டார். பதினான்கு பிள்ளைகளைப் பெற்ற அம்மா. அந்த வீட்டில் மூத்த அண்ணன் பாஸ்கர்தான் தங்கையோடு உட்கார்ந்து பேசி, படித்துக் காட்டி, அவளுக்கும் ஒரு புத்தி இருக்கிறது என்று மதித்து வளர்த்தவர். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர வந்த கிருபாபாய் தங்கியது சத்தியநாதன் வீட்டில். உடல்நிலை சரியில்லாததால் மருத்துவப் படிப்பு தொடரவில்லை. ஆனால் 1894இல் இறப்பதற்குள், 'சகுணா', 'கமலா' என்று இரண்டு ஆங்கில நாவல்களை எழுதிவிட்டார். வயது முப்பத்திரண்டு. பிறகு சாமுவேல் மணந்த கமலா சத்தியநாதன் 1901இல் சென்னையிலிருந்து இந்தியப் பெண்களுக்காக ஒரு ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். கமலாவின் மகள் பத்மினி சென்குப்தாவும் எழுத்தாளரே. அவர் தன் அம்மாவின் வாழ்க்கையையே ஒரு நூலாக எழுதினார்.

"அவங்க போதகர் குடும்பம், வெள்ளைக்காரங்க பழக்கம், புத்தகம் நிறைந்த வீடு. ஷிப்ட் வேலைக்குப் போறவன் வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கேம்பிரிட்ஜ் பொருந்தாது. ஆனால் கிருபாபாய்க்கு அண்ணன் கொடுத்தது கேம்பிரிட்ஜ் அல்ல. கூட உட்கார்ந்தது, பேசியது, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டது. அதற்குப் பீஸ் கிடையாது. தேர்வுக் காலத்தில் சபைகளில் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் வைத்து ஜெபிக்கும் வழக்கம் இருக்கிறது. ஜெபிப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பேனாவால் ஜூன் மாதத்திலிருந்து பிள்ளை என்ன எழுதியது என்று நோட்டைத் திறந்து பார்த்த பெற்றோர் எத்தனை பேர்? படிக்கத் தெரியாவிட்டாலும் நோட்டைத் திறக்கலாமே! ஆசிரியரின் சிவப்பு மைக் குறிக்கும் வெறும் பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிய எழுத்தறிவு தேவையில்லை.

இனிச் சொல்லப் போவது பலருக்குக் கசப்பான விஷயம். கடம்பத்தூர் போன்ற ஊர்களில் கிறிஸ்தவப் பிள்ளை பள்ளியில் கற்கும் முதல் பாடம் அ, ஆ அல்ல. சேர்க்கைப் படிவத்தில் இருக்கும் மதம், சாதி என்ற கட்டங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒரு பெயர், திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர். வீட்டுச் சுவரில் வசன காலண்டர், சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர். காரணம் எல்லோருக்கும் தெரியும். 1950ஆம் ஆண்டு அட்டவணைச் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி இந்துக்கள் அல்லாதவரை அந்தப் பட்டியலில் ஏற்கவில்லை. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் கிறிஸ்தவராக மாறினால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை மதம் மாறியவர்களுக்கும் மாநிலத்தில் உண்டு. ஆனால் அட்டவணைச் சாதியினருக்கான 18 சதவீத இட ஒதுக்கீட்டில் இடமில்லை. சேரியில்தான் வீடு, ஊர்க்காரன் பார்வையும் அதேதான். ஞானஸ்நானம் எடுத்ததால் டீக்கடைக்காரரோ நிலத்துக்காரரோ சாதியை மறந்துவிடவில்லை. ஏன், சில ஊர்களில் கல்லறைத் தோட்டமே மறக்கவில்லை! அப்புறம் சட்டம் மட்டும் எப்படி மறந்துவிடுகிறது?

மாற்ற வேண்டும் என்ற குரல் நெடுநாளாக ஒலிக்கிறது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாவது பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு இன்னொரு ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இன்னொரு பக்கம், 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையைப் பின்பற்றிக் கொண்டே வேலைவாய்ப்புக்காக இந்து என்று சொல்லிச் சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது.

இதில் பெற்றோரைப் பொய்யர்கள் என்று பிரசங்க மேடையிலிருந்து திட்டுவது மிகவும் சுலபம். அந்தக் கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்று எழுதினால் பிள்ளையின் கல்லூரி இடமே போய்விடலாம் என்ற நிலையில் ஒரு தகப்பன் எடுக்கும் முடிவை, இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் எடை போடக் கூடாது. அநீதி செய்வது அந்தத் தகப்பன் அல்ல, அந்தப் பத்திதான். பிரச்சினை முடிவில் இல்லை, அதைச் சுற்றிய மௌனத்தில் இருக்கிறது. ஐந்து வயதில் அப்பா எழுதியதன் பலனும் பாதிப்பும் இருபத்தைந்து வயதில் பிள்ளையின் தலையில்தான் விழும். வேலையில் சேர்ந்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு என்று வந்து நிற்கும்போது தன் பெயரில் எழுதப்பட்டது என்ன, ஏன் எழுதப்பட்டது என்பதே தெரியாமல் விழிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இருப்புநிலைக் குறிப்பில் காட்டாமல் விட்ட கடன் மாதிரி அது. காட்டாததால் கடன் தீர்ந்துவிடாது.

பிள்ளை ஒரு நாள் கேட்கும். "டீச்சர் ஏம்பா வேற பேர் சொல்லிக் கூப்பிடறாங்க?" என்று. அப்போது "சும்மா இரு, யார்கிட்டயும் சொல்லாதே" என்று வாயை அடைத்தால் பிள்ளை கற்றுக் கொள்வது இரண்டு விஷயம். நம் கடவுள் வெளியே சொல்லக் கூடாதவர், நம் சாதியும் வெளியே சொல்லக் கூடாதது. இந்த இரட்டை வெட்கத்தை எந்த ஓய்வுநாள் பள்ளியாலும் துடைக்க முடியாது. அதற்குப் பதிலாக, பத்துப் பன்னிரண்டு வயதில் பக்கத்தில் உட்கார வைத்து, தாத்தா எப்படி இருந்தார், ஏன் சபைக்கு வந்தார், சட்டம் என்ன சொல்கிறது, அதில் என்ன அநியாயம், அப்பா ஏன் இப்படி எழுதினேன், நீ வளர்ந்து என்ன முடிவு எடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம் என்று ஒரு தகப்பன் சொன்னால், அதுவல்லவா வரலாறு, சமூக அறிவியல், சமயக் கல்வி மூன்றும்? எந்தப் பள்ளியும் எந்த ஆயரும் அந்தத் தகப்பனுக்குப் பதிலாக இதைச் சொல்ல முடியாது. கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்று துணிந்து எழுதிய வீடுகளும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கும் அதே விளக்கம் தேவை. தன்னைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த சொந்தக்காரப் பையனுக்கு இடம் கிடைத்து, தனக்குக் கிடைக்காமல் போகும்போது அந்தப் பிள்ளைக்கு வரும் கோபம் அப்பாவின் மீதும் ஆண்டவர் மீதும் திரும்பாமல் இருக்க வேண்டுமே.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. பிளஸ் டூ முடித்ததும் பதினெட்டு வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் இந்த வயதுப் பெண்களைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். பஸ் வீட்டு வாசலுக்கே வருகிறது. கைக்குச் சம்பளம் வந்தால் கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்கலாம். அண்ணனுக்கு மட்டும் பாலிடெக்னிக். வேலைக்குப் போவது கேவலமல்ல, எத்தனையோ வீடுகளைத் தாங்குவது அந்தப் பெண்களின் சம்பளம்தான். ஆனால் கம்பெனியா கல்லூரியா என்று அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா? ஜான் தேவசகாயம் மகளைப் படிக்க வைத்து ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகப் போகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரி போனால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தபோது, அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று தெரியாமலேயே மகளை பஸ் ஏற்றிவிட்ட வீடுகளும் உண்டு.

இங்கே அப்பாக்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. குடும்ப ஜெபம், வீட்டுப் பாடம், பெற்றோர் - ஆசிரியர் கூட்டம் எல்லாம் அம்மா தலையில். சபையில் தாய்மார் ஐக்கியம் இருக்கிறது, வாலிபர் ஐக்கியம் இருக்கிறது. தகப்பன்மார் ஐக்கியம் என்று ஒன்று எங்காவது உண்டா? இருந்தாலும் கட்டடக் கமிட்டியாகத்தான் இருக்கும்! செகண்ட் ஷிப்ட் பார்க்கும் தகப்பன் காலையில் வீட்டில்தான் இருக்கிறார். அசதிதான், யார் மறுப்பது? ஆனால் ஆறரை மணிக்கு எழுந்து பிள்ளையை ஸ்கூல் வேன் வரை நடத்திக் கொண்டு போனால் போதும். நேற்று என்ன நடந்தது என்று பிள்ளை தானாகச் சொல்லும். நடக்கும்போது பிள்ளைகள் நிறையப் பேசுவார்கள்.

சபைகளும் இதில் செய்யக் கூடியது கொஞ்சம் இருக்கிறது. மே மாதம் வி.பி.எஸ். என்றால் பாட்டு, ஆக்‌ஷன், பரிசு, பத்து நாள் கொண்டாட்டம், பிள்ளைகளுக்கு மட்டும். அந்தப் பத்து நாளில் ஒரே ஒரு மாலையைப் பெற்றோருக்கு ஒதுக்கலாம். எந்த உதவித்தொகைக்கு யார் தகுதி, வருமானச் சான்று எங்கே வாங்குவது, சாதிச் சான்றிதழில் எழுதுவதன் சட்ட விளைவு என்ன, பிளஸ் டூவுக்குப் பிறகு என்னென்ன படிப்பு என்று விளக்கலாம். பிரசங்கியார் வேண்டாம். எல்லாச் சபையிலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள், ஆன்லைன் விண்ணப்பம் போடத் தெரிந்தவர்கள். ஆலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து செல்போன் பார்க்கும் அவர்களை முன்னால் கூப்பிட்டு ஒரு மேசை, நாற்காலி போட்டுக் கொடுத்தால் போதும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காக மாலை ஐந்து மணிக்கு ஆரம்பிக்கலாம். செகண்ட் ஷிப்ட்காரர்களுக்கு இன்னொரு நாள் காலை பத்து மணிக்கு.